தலைவர் ஆனால் வகுப்பு போச்சு!

'மணிக் கணக்கு' பேராசிரியர்களுக்கு முன்னால் நிற்பது யார்?

வில்லியனூர்,

கல்லூரியில் பாடம் நடத்துகிறார். எம்.ஏ., பி.எச்டி. படித்தவர். வகுப்புக்குள் நுழைந்தால் மாணவர்கள் "சார்" என்று எழுந்து நிற்கிறார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். பேப்பர் திருத்துகிறார். ஆனால் ஆபீஸ் பதிவேட்டில் அவர் பேராசிரியர் அல்ல. 'விருந்தினர்'!

விருந்தினர் என்றால் என்ன அர்த்தம்? வந்தால் வரவேற்பு. வராவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். அவரை வேலையை விட்டு நீக்க உத்தரவு வேண்டாம், விளக்கம் வேண்டாம், விசாரணை வேண்டாம். அடுத்த ஜூனில் கூப்பிடாமல் இருந்தால் போதும். கதை முடிந்தது.

இப்படிப்பட்டவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறார்கள். அதற்கு ஒருவர் தலைவர் ஆகிறார். மனு கொடுக்கிறார். வாசலில் நின்று கோஷம் போடுகிறார். அடுத்த வருஷம் முதலில் கூப்பிடப்படாமல் போகிறவர் யாராக இருக்கும்? ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

கௌரவ விரிவுரையாளர், விருந்தினர் ஆசிரியர், பகுதி நேர ஆசிரியர், தற்காலிக ஆசிரியர் என்று பெயர் ஊருக்கு ஊர் மாறும். நிலைமை மாறாது. உலகம் முழுவதும் இவர்கள் சங்கங்களைத் தின்னும் நோய் இந்த ஒன்றுதான். தலைவரின் நாற்காலியே ஆட்டம்!

பஸ்சில் போகும் பிள்ளைகள்

"வாத்தியார் வேலைதானே, அதுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் காலை நேரத்தில் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் புதுவைக்குப் போகும் பஸ்களை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

படிக்கட்டு வரை மாணவ மாணவிகள். நெல்லும் கரும்பும் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களிலிருந்து முதல் முறையாகக் காலேஜ் வாசலை மிதிக்கும் பிள்ளைகள் அதில் ஏராளம். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. டியூஷனுக்குப் பணம் இல்லை. அவர்களுக்கு எல்லாமே வகுப்பில் நிற்கும் அந்த ஆசிரியர்தான்.

அந்த ஆசிரியர் அடுத்த செமஸ்டரில் இருப்பாரா, மாட்டாரா? அவருக்கே தெரியாது! அப்படியானால் இது வாத்தியார்களின் சொந்த விவகாரம் இல்லை. பஸ்சில் போகும் பிள்ளையின் விவகாரம்.

34-வது வகுப்பில் வெட்டு!

இதோ கணக்கு. கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் சரி பார்த்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2019 ஜனவரி 28-ந் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500. மாதத்துக்கு அதிகபட்சம் ரூ.50,000. அதற்கு முன் வகுப்புக்கு ரூ.1,000, மாதம் ரூ.25,000 என்று இருந்தது.

மணிக்கு ஆயிரத்து ஐந்நூறா! கேட்டால் வாய் பிளக்கும். ஆனால் 33 வகுப்புக்கு ரூ.49,500 ஆகிவிடும். 34-வது வகுப்புக்கு மீதி ரூ.500. அதற்குப் பிறகு எத்தனை வகுப்பு எடுத்தாலும் ஒரு காசு கிடையாது.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. வைத்துள்ள பாட வேலை வாரம் 16 மணி. மாதம் 64 மணி. விருந்தினர் ஆசிரியரும் அதே அளவு எடுத்தால் அவருக்கு மணிக்கு விழுவது சுமார் ரூ.781. கேள்வித்தாள் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்துவதும், இரவில் உட்கார்ந்து பாடம் தயார் செய்வதும் கணக்கிலேயே வராது.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு? ஏழாவது ஊதியக் குழுப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளமே ரூ.57,700. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. லீவு உண்டு. மே மாதச் சம்பளம் உண்டு.

இந்த ரூ.50,000-ஆவது எல்லோருக்கும் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. பக்கத்தில் தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். 2024-ல் அவர்கள் வாங்கியது மாதம் ரூ.25,000. அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். கௌரவம் இருக்கிறது, விரிவுரை இருக்கிறது, மே மாதம் வீட்டில் அடுப்பு எரிய வழிதான் இல்லை!

பெயரை மாற்று, விதி மாறும்!

இதில் ஒரு தந்திரமும் உண்டு.

யு.ஜி.சி.யின் 2018-ம் ஆண்டு விதிமுறைகளில் ஒப்பந்த ஆசிரியர் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறது. மிக அவசியமானால்தான் ஒப்பந்த நியமனம். மொத்த ஆசிரியர் இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியர் மாதம் வாங்கும் மொத்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் அதே ஆளை 'ஒப்பந்தம்' என்று எழுதாமல் 'விருந்தினர்' என்று எழுதிவிட்டால்? மாதச் சம்பளக் கணக்கு போய், மணிக் கணக்கு வந்துவிடுகிறது. வேலை அதே வேலை. கரும்பலகை அதே கரும்பலகை. ரப்பர் ஸ்டாம்பு மட்டும் வேறு.

புதுவையில் இன்னொரு சிக்கல். இது யூனியன் பிரதேசம். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பதவிக்கு டெல்லியில் உள்ள மத்திய தேர்வாணையம் வழியாக ஆள் வர வேண்டும். ஒரு பதவி காலியானால் அடுத்த ஆள் வந்து சேர வருஷங்கள் ஓடும். அதுவரை வகுப்பு சும்மா இருக்குமா? விருந்தினரைக் கூப்பிடு!

பஸ் டிரைவர் தொழிலாளி, பேராசிரியர்?

சரி, சங்கம் வைத்தால் லேபர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று மில்லில் வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள். அங்கேதான் பெரிய பூட்டு தொங்குகிறது.

கதை 1963-ல் தொடங்குகிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் மாணவிகளை ஏற்றிச் சென்ற பஸ்களின் டிரைவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர்களில் ராம்நாத் என்பவர் பெயரால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "பல்கலைக்கழகம் ஒரு தொழிற்சாலை அல்ல. தொழில் தகராறு சட்டம் செல்லாது" என்று தீர்ப்பு வந்தது. டிரைவர்கள் தோற்றார்கள்.

1978 பிப்ரவரி 21-ந் தேதி நிலைமை தலைகீழ் ஆனது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், கல்வி நிறுவனமும் 'இண்டஸ்ட்ரி'தான் என்று கூறியது. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

இனி ஆசிரியர்களுக்கும் விடிவு காலம் என்று நினைத்தார்கள். வந்தது 1988. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கு. சுந்தராம்பாள் வழக்கு என்று பெயர். சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான்: கல்வி நிலையம் இண்டஸ்ட்ரிதான். ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல. பாடம் சொல்லித் தருவது உடல் உழைப்போ, எழுத்தர் வேலையோ, தொழில்நுட்ப வேலையோ அல்ல. அது உன்னதப் பணி!

பாருங்கள் வேடிக்கையை! அதே கல்லூரியில் பஸ் ஓட்டுகிறவர் தொழிலாளி. ஆபீஸ் குமாஸ்தா தொழிலாளி. தோட்டக்காரர் தொழிலாளி. அவர்களை நிறுத்தினால் லேபர் கோர்ட்டு உண்டு. பேராசிரியரை நிறுத்தினால் 'உன்னதம்' மட்டும் உண்டு.

2025 நவம்பர் 21-ந் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சட்டங்கள் பல போயின. ஆனால் 'தொழிலாளி' யார் என்ற விளக்கம் ஏறக்குறைய பழைய வார்த்தைகளோடுதான் வந்திருக்கிறது.

தலைவருக்குக் கிடைக்காத கவசம்

இதில் தலைவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஆலைகளில் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கவசம் உண்டு. தொழில் தகராறு சட்டத்தின் 33-வது பிரிவு தந்தது. மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவர் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி'. குறைந்தது ஐந்து பேர், அதிகம் போனால் நூறு பேர். வழக்கு நடக்கும்போது அதிகாரியின் அனுமதி இல்லாமல் அவர்களை நிர்வாகம் தொட முடியாது. புதிய சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும். தலைவரைத் தூக்கினால் சங்கம் விழும். அதனால்தான் முதலில் தலைவருக்குக் கவசம் போட்டார்கள்.

பேராசிரியர் 'தொழிலாளி' இல்லை என்பதால் அவர் சங்கத் தலைவருக்கு இந்தக் கவசம் இல்லை. விருந்தினர் ஆசிரியர் என்றால் கவசத்தைத் தேடும் அவசியமே நிர்வாகத்துக்கு இல்லை. கூப்பிடாமல் இருப்பது டிஸ்மிஸ் கணக்கில் வராதே!

ஸ்டிரைக் செய்தாலும் தொல்லை. அன்றைய வகுப்புப் பணம் அன்றே போய்விடும். அவர் வராத மணிக்கு இன்னொருவரை அழைத்து வரலாம். காலை ஒரு கல்லூரி, மாலை ஒரு கல்லூரி என்று ஓடுகிறவர்களிடம் சந்தா வசூலிப்பதே பெரும்பாடு. இதையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்தான் தலைவர்.

புதுவை பார்த்த தலைவர்

வெளியில் நிற்கும் தலைவரின் பலம் என்ன என்று புதுவை மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். 12 தொழிலாளர்கள் பலி. மறு வருஷம், 1937-ல், எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

அந்த இயக்கத்தின் தலைவர் வ.சுப்பையா. அவர் மில்லில் கூலி வாங்கியவர் அல்ல. 1934-ல் 'சுதந்திரம்' பத்திரிகை தொடங்கியவர். அவரைச் சிறையில் போடலாம், ஊரை விட்டு விரட்டலாம். ஆனால் "நாளையிலிருந்து மில்லுக்கு வராதே" என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது!

அவர் 1993-ல் மறைந்தார். முதலியார்பேட்டை ஏ.எப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-ந் தேதி இழுத்து மூடப்பட்டது. சங்குச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அந்த மில் சொன்ன பாடம் கடல் தாண்டி இன்னும் ஓடுகிறது.

பிரெஞ்சு டீச்சரின் மரணம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். உருக்காலைகளுக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள டுகேன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மேரி வோய்ட்கோ என்ற அம்மையார் 25 வருஷம் பிரெஞ்சு பாடம் நடத்தினார். பகுதி நேர ஆசிரியை. இன்சூரன்ஸ் கிடையாது, பென்சன் கிடையாது.

2013-ல் அவருக்கு வயது 83. கேன்சர் சிகிச்சையில் இருந்தார். அந்த ஆண்டு அவரை மறுபடி கூப்பிடவில்லை. ஆகஸ்டில் மாரடைப்பு வந்தது. செப்டம்பர் 1-ந் தேதி இறந்து போனார்.

விஷயத்தை வெளியே கொண்டு வந்தவர் டேனியல் கோவாலிக். இவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் அல்ல. உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் வக்கீல்! அந்தப் பல்கலைக்கழகத்தின் பகுதி நேர ஆசிரியர்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் சேர முடிவு செய்திருந்தார்கள். கோவாலிக் எழுதிய கட்டுரை செப்டம்பர் 18-ந் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததும் அமெரிக்கா முழுவதும் பரபரப்பு. "அவருக்கு நாங்கள் உதவ முன்வந்தோம்" என்று பல்கலைக்கழகம் பதில் சொன்னது.

பேராசிரியர்கள் ஏன் உருக்காலைச் சங்கத்தைத் தேடிப் போனார்கள்? காரணம் எளிது. கோவாலிக்கின் சம்பளம் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. அவரை யாரும் 'கூப்பிடாமல்' விட முடியாது.

ஆனாலும் இந்தச் சங்கத்துக்கு முழு வெற்றி இல்லை. "நாங்கள் மத நிறுவனம். தொழிலாளர் வாரியத்துக்கு இங்கே அதிகாரம் இல்லை" என்று பல்கலைக்கழகம் வழக்காடியது. 2020 ஜனவரியில் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்புக் கூறியது.

நியூயார்க்கில் வேறு கதை. நியூ ஸ்கூல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களில் 87 சதவீதம் பேர் பகுதி நேரம். அவர்கள் சங்கம் கார்த் தொழிலாளர் சங்கத்தின் ஒரு கிளை. 2022 நவம்பர் 16-ந் தேதி வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். டிசம்பர் 10-ந் தேதிதான் உள்ளே போனார்கள். மூன்று வாரத்துக்கு மேல்! சம்பள உயர்வு கிடைத்தது. வகுப்புக்கு வெளியே பார்க்கும் வேலைக்கும் பணம் என்று ஒப்பந்தம் ஆனது. 87 பேரையும் நிறுத்திவிட்டு 13 பேரை வைத்துக் கல்லூரி நடத்த முடியாது என்பதுதான் அதன் ரகசியம்.

டெல்லி முற்றுகை

நம் நாட்டில் இதற்குச் சமமாகச் சொல்ல வேண்டியது 2019 டிசம்பர் 4.

டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் அப்போது சுமார் 4,500 'அட்ஹாக்' ஆசிரியர்கள். 120 நாளுக்கு ஒரு தடவை வேலை. நடுவில் ஒரு நாள் இடைவெளி. தொடர்ச்சியாக வேலை பார்த்தார் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதே, அதற்குத்தான் அந்த ஒரு நாள்! இப்படியே பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓட்டியவர்கள் உண்டு.

2019 ஆகஸ்ட் 28-ந் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. புதுக் காலியிடங்களுக்கு அட்ஹாக் வேண்டாம், விருந்தினர் ஆசிரியர்களைப் போடுங்கள் என்று. கால் சம்பளம், அரைச் சம்பளம் என்ற நிலை வரும் என்று ஆசிரியர்கள் கொதித்தார்கள். டிசம்பர் 4-ந் தேதி ஆயிரக்கணக்கானோர் துணைவேந்தர் ஆபீசை முற்றுகையிட்டு உள்ளே புகுந்து உட்கார்ந்தார்கள். மறுநாளே மத்திய கல்வித்துறை பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. பழைய ஆட்கள் தொடரலாம் என்று வழி பிறந்தது.

முன்னால் நின்றது டெல்லி பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம். அப்போது அதன் தலைவர் ராஜிப் ரே. கிரோரி மல் கல்லூரிப் பேராசிரியர். 120 நாள் ஆள் அல்ல! அந்தச் சங்கத்தில் நிரந்தர ஆசிரியருக்கும் ஓட்டு, அட்ஹாக் ஆசிரியருக்கும் ஓட்டு. நிரந்தர ஆள் முன்னால் நிற்கிறார், தற்காலிக ஆள் பின்னால் திரள்கிறார். அதுதான் பலம்.

ஆனால் அதற்கும் ஆயுள் கொஞ்சம்தான். 2022-ல் நிரந்தர நியமன இன்டர்வியூக்கள் வேகம் எடுத்தன. பல வருஷம் பாடம் நடத்தியவர்களில் சிலர் உள்ளே போனார்கள். சிலர் வெளியே போனார்கள். போராட்டம் நாளைக்கு வழி செய்தது. நாளை மறுநாளுக்கு எழுத்தில் எதுவும் இல்லை.

பெண் ஆசிரியைகள் பாடு இன்னும் மோசம். டெல்லியில் ஸ்ரீ அரவிந்தர் பெயரில் உள்ள மாலைக் கல்லூரியில் அட்ஹாக் ஆசிரியை ஒருவர் 2019-ல் பிரசவ லீவு கேட்டார். லீவு நாளிலேயே 120 நாள் கணக்கு முடிந்தது. மறுபடி கூப்பிடவில்லை! 2020 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு தலையிட்டு, அவருக்கு வேலை தர வேண்டும் என்று உத்தரவு போட்டது.

சீனியாரிட்டி பட்டியல் என்னும் மருந்து

தலைவரும் பகுதி நேரம், ஆனாலும் நாற்காலி ஆடவில்லை. அப்படி ஓர் இடம் உண்டா? உண்டு.

கனடாவில் மாண்ட்ரியால் நகரின் கான்கார்டியா பல்கலைக்கழகம். அங்கே பகுதி நேர ஆசிரியர்களுக்கென்றே தனிச் சங்கம். அதன் தலைவியாகப் பல வருஷம் இருந்த மரியா பெலூசோ, அரசியல் பாடம் நடத்திய பகுதி நேர ஆசிரியை.

அவரை எப்படி விட்டு வைத்தார்கள்? நிர்வாகத்தின் கருணையால் அல்ல. அங்கே ஒப்பந்தத்தில் சீனியாரிட்டி பட்டியல் உண்டு. எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று முதலில் அறிவிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் தகுதியும் சீனியாரிட்டியும் உள்ளவருக்கு முதலில் தர வேண்டும். "எனக்குப் பிடித்தவரைக் கூப்பிடுவேன்" என்று சொல்ல முடியாது.

ரேஷன் கடை க்யூ மாதிரிதான். வரிசை எழுத்தில் இருந்தால் கோஷம் போட்டவனை வரிசையிலிருந்து பிடித்து இழுக்க முடியாது. வரிசையே இல்லை என்றால் வாயைத் திறந்தவனுக்கு மண்ணெண்ணெய் இல்லை.

சம்பள உயர்வு கேட்கும் முன் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிய சங்கம்தான் நிலைக்கிறது. மற்ற சங்கங்களில் தலைவர் மாறிக்கொண்டே இருக்கிறார். போராட்டம் ஒவ்வொரு ஜூனிலும் முதலிலிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் நிரந்தரப் பேராசிரியர்களும் இதே பாதையில் வந்தவர்கள்தான். தனியார் கல்லூரிகளில் நிர்வாகம் நினைத்தால் வேலை, நினைத்தால் வீடு என்று ஒரு காலம் இருந்தது. 1976-ல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை டிஸ்மிஸ் செய்யக் கூடாது என்று ஆனது. எழுத்தில் வந்த பிறகுதான் சங்கத் தலைவர்களால் நிமிர்ந்து பேச முடிந்தது.

பாகூர் செப்பேடு சொல்வது

ஆசிரியரின் சோற்றுக்கு எழுத்தில் உத்தரவாதம் வேண்டும் என்பது புதுக் கோரிக்கை அல்ல. பாகூர்க்காரர்களுக்கு அது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும்!

ஒன்பதாம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூரில் 'வித்யாஸ்தானம்' இருந்தது. இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு காலேஜ். மன்னனின் எட்டாம் ஆட்சி ஆண்டில் நிலைதாங்கி என்ற சிற்றரசன் வேண்டிக்கொள்ள, அந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகத் தரப்பட்டன. ஊர்களின் வருமானம் கல்விக்கு. அதைச் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். அந்தச் செப்பேடுகள் பாகூரிலேயே 19-ம் நூற்றாண்டில் கிடைத்தன.

ஏன் செம்பில் வெட்டினார்கள்? நாளைக்கு வேறு அதிகாரி வந்து "உன்னை நான் கூப்பிடவில்லையே" என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான்!

கோர்ட்டு திறந்த கதவு

லேபர் கோர்ட்டு மூடிய கதவைச் சுப்ரீம் கோர்ட்டு வேறு பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது.

2006 ஏப்ரல் 10-ந் தேதி உமாதேவி வழக்குத் தீர்ப்பு. தற்காலிக ஊழியர் நீண்ட நாள் வேலை பார்த்தார் என்பதற்காகவே நிரந்தரம் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட பதவியில் பத்து வருஷம் முடித்தவர்களுக்கு ஒரே ஒரு முறை விலக்கு கொடுத்தது. அரசாங்கங்கள் முதல் பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டன.

2016 அக்டோபர் 26. ஜக்ஜித் சிங் வழக்கு. தற்காலிகம் என்றாலும் அதே வேலை பார்த்தால் நிரந்தர ஊழியரின் ஆரம்பச் சம்பளம் தர வேண்டும் என்று தீர்ப்பு.

2024 டிசம்பர் 20. ஜக்கோ வழக்கு. மத்திய நீர்வள ஆணைய அலுவலகத்தில் பல வருஷம் பகுதி நேரமாகத் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள் தொடுத்தது. உமாதேவி தீர்ப்பை ஏழைகளுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி, அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. துடைப்பம் பிடித்த கைகள் வாங்கிய தீர்ப்பு, சாக்பீஸ் பிடித்த கைகளுக்கும் இன்று துணை நிற்கிறது.

2025 ஆகஸ்ட் 22. குஜராத் அரசு என்ஜினீயரிங் கல்லூரி ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கு. நிரந்தரப் பேராசிரியர் லட்சத்துக்கு மேல் வாங்க, இவர்களுக்கு மாதம் ரூ.30,000. நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜாய்மால்யா பக்சி ஆகியோர் கடிந்துகொண்டார்கள். குருவைக் கடவுள் என்று விழா மேடையில் புகழ்ந்தால் மட்டும் போதாது, நடத்தும் விதத்திலும் அது தெரிய வேண்டும் என்ற பொருளில் எழுதினார்கள். உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைத் தர வேண்டும் என்று உத்தரவு.

ஆனால் கோர்ட்டுக்குப் போக யாராவது ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான். அந்த ஒருவர் யார்?

ஏழு கையெழுத்து

சங்கம் பதிவு செய்வது கம்பச் சூத்திரம் அல்ல. சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். பத்து நிமிஷ வேலை.

எதைக் கேட்பது என்பதும் தெளிவு. துறைவாரியாக சீனியாரிட்டி பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டு. ஜூன் மாதம் கூப்பிடாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடு. மே மாதத்துக்கும் சம்பளம் கொடு. சங்க நிர்வாகி என்பதற்காக யாரையும் பட்டியலிலிருந்து நீக்காதே. இந்த நான்கில் முதலாவதும் கடைசியும் கிடைத்துவிட்டால் நடுவில் உள்ளவற்றை வாங்கத் தலைவர் உயிரோடு இருப்பார்!

நிரந்தரப் பேராசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டெல்லியில் அவர்கள் முன்னால் நின்றபோதுதான் துணைவேந்தர் ஆபீஸ் கதவு திறந்தது. கூப்பிடாமல் விட முடியாத ஆள் பக்கத்தில் நின்றால், கூப்பிடாமல் விடப்படும் ஆளுக்குத் தைரியம் வரும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில் பீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். பஸ் பாஸ் உண்டா என்று கேட்கிறோம். "இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், மணிக் கணக்கில் வருகிறவர் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன? வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்து நூறு பெற்றோர் கேட்டால் ஆபீசில் பதில் தயார் செய்துதானே ஆக வேண்டும்.

ஏழு கையெழுத்தில் இரண்டாவது, மூன்றாவது போட ஆள் கிடைத்துவிடும். ஏழாவதுக்குப் போட்டியே இருக்கும். முதல் கையெழுத்துக்குத்தான் பேனாவை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பேனாவை எடுத்தவரை அடுத்த ஜூனிலும் வகுப்பில் பார்க்க முடிந்தால், அந்தச் சங்கம் ஜெயித்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.